கையெழுத்துக்கு முன்னால் கண்ணைத் திற!

விசா அதிகாரி உன்னைவிடப் பெரிய ஆள் இல்லை, தம்பி! தங்கையே, உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஓர் அலுவலர். உன் தலையெழுத்து அவர் கையில் இல்லை. அவர் கையில் இருப்பவை உன் தாள்கள். அவற்றை அடுக்கி அவரிடம் நீட்டியது யார்? நீ!

ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? வெளிநாட்டு வேலைக் கடிதம் வந்த அன்று பால்கோவா வாங்கித் தெருவுக்கே கொடுக்கிறோம். மறுநாள் காலையிலேயே பயம் வந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்கிறது. "மேலத்தெருப் பையனுக்கு ரிஜெக்ட் ஆயிடுச்சாமே" என்று பெரியம்மா ஆரம்பித்துவைப்பார். ஜாதகத்தில் பன்னிரண்டாம் வீட்டைப் பார்க்க ஒருவர் கிளம்புவார். ஐதராபாத் பக்கம் சில்கூரில் 'விசா பாலாஜி' என்றே பெருமாளுக்குப் பெயர் வந்துவிட்டது. வேண்டுதலுக்குப் 11 சுற்று, விசா கிடைத்தபின் 108 சுற்று. சுற்று, தப்பே இல்லை. நானும் கும்பிடுகிறவன்தான். ஆனால் 108 சுற்று சுற்றத் தயாராக இருக்கும் கால்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு நடை நடக்க மட்டும் ஏன் வலிக்கிறது?

உன் கல்யாணத்தை நடத்தியது யார் என்று யோசித்துப் பார். ஆறு மாதத்துக்கு முன்பே மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தீர்கள். சமையல்காரரோடு இலைக் கணக்கில் மல்லுக்கட்டினீர்கள். பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போகாமல் மூன்று முறை பிழை திருத்தினீர்கள். தாலி கட்டி முடித்த சூட்டில், நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவே, 'ஆலங்குடி சித்தப்பா ரூ. 501' என்று மொய் நோட்டில் வரிசை பிசகாமல் எழுதியது உங்கள் வீட்டுக் கைதான். அந்த நோட்டைக் காட்டினால் எந்த நாட்டுத் தணிக்கை அதிகாரியும் எழுந்து நின்று சலாம் போடுவார். இத்தனையும் செய்த குடும்பத்துக்கு ஒரு விசாக் கோப்பு மலையா?

மலை இல்லை. ஆனால் ஏறும் முன் ஒரு கசப்பை விழுங்கியாக வேண்டும்.

ஜெர்மனியையே எடுத்துக்கொள்வோம். இந்தியத் திறன் பணியாளர்களுக்கு ஆண்டுக்கு 20,000 ஆக இருந்த விசா எண்ணிக்கையை 90,000 ஆக உயர்த்தப் போவதாக 2024 அக்டோபரில் அந்த நாடு அறிவித்தது. ஆள் வேண்டும் என்று அவர்களே வாய்விட்டுக் கேட்கிறார்கள். அதே நாட்டில் இன்னொரு விதியும் இருக்கிறது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், தென்கொரியா, இஸ்ரேல் ஆகிய நாடுகளின் குடிமக்கள் விசா இல்லாமலே போய் இறங்கி, அங்கே இருந்துகொண்டே தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. வேலைக்கோ, வாழ்க்கைத்துணையோடு வாழவோ 90 நாளுக்கு மேல் தங்கப் போகிறாய் என்றால், கிளம்பும் முன்பே நீண்டகாலத் தேசிய விசா உன் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்க வேண்டும்.

இது அநியாயம் இல்லையா? அநியாயம்தான்! எனக்கும் ரத்தம் கொதிக்கிறது. ஆனால் கொதிக்கிற ரத்தத்தை வைத்துக்கொண்டு இரண்டு காரியம் செய்யலாம். டீக்கடையில் உட்கார்ந்து உலகத்தைத் திட்டலாம். அல்லது அடுத்தவன் அங்கே போய்த் தேடி அலைவதை நீ இங்கேயே முடித்துவிட்டு, விமானத்திலிருந்து இறங்கும்போதே உரிமையோடு இறங்கலாம்.

இந்த இடத்தில்தான் ஒரு குரல் காதில் வந்து ஓதும். "டூரிஸ்ட் விசாவுல போயிடு, அங்க போய் மாத்திக்கலாம். பொண்டாட்டியையும் அப்படியே கூட்டிட்டுப் போ." அந்தக் குரலுக்குக் காதைக் கொடுக்காதே! ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கான சுற்றுலா விசா எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தாங்கும். அதைத் தங்கும் அனுமதியாக அங்கேயே மாற்றிக்கொள்வது பொதுவாக நடக்காத காரியம். மூன்று மாதம் கழித்து அந்தப் பெண் தனியாக விமானம் ஏறித் திரும்பி வந்து, சென்னையில் எந்த வரிசையைத் தவிர்க்கப் பார்த்தீர்களோ அதே வரிசையில் நிற்க வேண்டும். இது லேசான தண்டனை. 'டேட்டா என்ட்ரி வேலை' என்று நம்பிச் சுற்றுலா விசாவில் கம்போடியாவுக்கும் மியான்மருக்கும் போன நம் பிள்ளைகளின் கதையைச் செய்தித்தாளில் படித்திருப்பாய். இணைய மோசடிக் கும்பல்களின் கட்டடங்களில் அடைபட்டு, அடி வாங்கி, அரசாங்கம் மீட்டுக் கொண்டுவர வேண்டியதாயிற்று. வேலைக்குப் போகிறவன் கையில் வேலை விசா இல்லாவிட்டால், அவனை அங்கே கேட்க நாதி இல்லை.

இது நமக்குப் புதிய பாடமும் அல்ல. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் புறப்பட்டது. நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கரை சேர்ந்தது. அங்குள்ள நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தில் கொண்டுபோகப்பட்ட முதல் கூட்டம் அதில் இருந்தது. அப்படிக் கடல் கடந்தவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க முடியாத தாளில் கைநாட்டு வைத்தார்கள். தரகன் சொன்னது ஒன்று, தோட்டத்தில் கண்டது வேறு. அவர்கள் மேல் பழி இல்லை. அவர்களுக்குப் பள்ளிக்கூடத்தின் வாசலைக்கூட யாரும் காட்டவில்லை.

உனக்கு என்ன வந்தது? நீ பி.இ. படித்தவன். நீ எம்.எஸ்ஸி. நர்சிங் முடித்தவள். பன்னிரண்டு பக்க ஒப்பந்தம் மின்னஞ்சலில் வருகிறது. கடைசிப் பக்கத்துக்கு ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, முதல் பக்கத்தைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறாய்! அந்தக் கைநாட்டுக்கும் இந்தக் கையெழுத்துக்கும் என்ன வித்தியாசம்? சொல்லட்டுமா? அவர்களால் படிக்க முடியவில்லை, நீ படிக்கவில்லை. உன்னுடையதுதான் பெரிய குற்றம்.

படி! இன்றைக்கே உட்கார்ந்து படி. பட்டதாரிகளுக்கு ஜெர்மனி தரும் வேலை அனுமதியான நீல அட்டைக்கு 2025-ல் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 48,300 யூரோ. ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களுக்கும் புதிதாகப் பட்டம் பெற்றவர்களுக்கும் 43,759.80 யூரோ. இந்த வரம்பு ஆண்டுதோறும் மாறும். உன் ஒப்பந்தத்தில் இருக்கும் தொகை, நீ விண்ணப்பிக்கும் ஆண்டின் வரம்பைத் தாண்டுகிறதா? பிடித்தம் போகக் கைக்கு வருவதைச் சொல்லி உன்னைக் குழப்பியிருக்கிறார்களா? ஒப்பந்தத்தில் உள்ள பதவியும், நிறுவனம் நிரப்பித் தர வேண்டிய பணி விவரப் படிவத்தில் உள்ள பதவியும், நீ விண்ணப்பத்தில் எழுதிய பதவியும் ஒன்றுதானா? வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் அவர்களுடைய 'அனபின்' தளத்தில் உனக்குப் பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்துக்கு எதிரே அங்கீகாரம் உண்டு என்பதற்கான 'எச் பிளஸ்' குறி இருக்கிறதா? படித்த கல்லூரியைத் தேடாதே, பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தைத் தேடு. அங்கே தெளிவாக இல்லையென்றால், உன் பட்டம் அவர்கள் பட்டத்துக்கு இணை என்று ஒரு மதிப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும். அதற்குக் கட்டணம் 208 யூரோ. இது தெரியாமல் நேர்காணல் நாளைக் குறித்துக்கொண்டு போனால் பயம் வராமல் என்ன வரும்? தெரியாத இடத்தில்தான் பயம் குடியிருக்கும்.

"இதையெல்லாம் ஏஜென்ட் பார்த்துப்பார் அண்ணே" என்கிறாயா? பார்ப்பார், பார்ப்பார். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப ஒன்றிய அரசிடம் பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. அவர் பெயர் அதில் இருக்கிறதா என்று முதலில் பார். வேலை தேடுபவரிடம் முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. "மூணு லட்சம் ஆகும், கேஷா கொடுத்திடுங்க" என்கிறவரிடம் ரசீது கேட்டுப் பார், முகம் போகிற போக்கைப் பார்! தமிழ்நாடு அரசுக்கே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று இருக்கிறது. அயலகத் தமிழர் நலத்துறை இருக்கிறது. கிண்டியிலும் சேப்பாக்கத்திலும் போய்க் கேட்க வெட்கப்பட்டு, வட்டிக்கு வாங்கி முகவரிடம் கொட்டுவது என்ன புத்திசாலித்தனம்?

இப்போது தங்கையிடம் வருகிறேன். இது ஆண்களும் படிக்க வேண்டிய பகுதி.

1913 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் கேப் நீதிமன்றத்தில் சியர்ல் என்ற நீதிபதி ஒரு தீர்ப்புச் சொன்னார். அங்கே வாழ்ந்த இந்தியர் ஒருவர் தன் மனைவியை ஊரிலிருந்து வரவழைத்தார். அவரை உள்ளே விட அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, முறையாகப் பதிவாகாத திருமணங்கள் இந்த நாட்டில் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான இந்தியப் பெண்கள் சட்டத்தின் கண்ணில் மனைவி என்ற இடத்தை இழந்தார்கள். யோசித்துப் பார், இன்றைய சொல்லில் சொன்னால் அது ஒரு ஸ்பவுஸ் விசா வழக்கு!

அந்த அவமானத்தைப் பொறுக்காமல் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த வழக்கும் இந்தியர்கள் மேல் விதித்திருந்த மூன்று பவுன் தலைவரியும் சேர்ந்து பற்றவைத்த சத்தியாகிரகத்தில் தமிழ்ப் பெண்கள் முன்வரிசையில் நின்றார்கள். தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மைக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த 15 வயதுப் பெண். சிறைக்குப் போனாள், காய்ச்சலோடு வெளியே வந்தாள். 1914 பிப்ரவரி 22 அன்று இறந்துபோனாள். அதே ஆண்டு இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. நம்முடைய திருமணங்களுக்கு அங்கே அங்கீகாரம் கிடைத்தது. அந்தச் சத்தியாகிரகத்தை நடத்திவிட்டு 1915-ல் இந்தியா திரும்பிய காந்தி தில்லையாடிக்கே போய் வந்தார்.

அந்தப் பெண் உயிரைக் கொடுத்து வாங்கிய அங்கீகாரத்தை நீ சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு காலைப்பொழுதில் வாங்கிவிடலாம். ஆனால் நீ போகவில்லை! "கோயில்லதான் கல்யாணம் நடந்துச்சு, ஊரே பாத்துச்சு, எதுக்கு ரிஜிஸ்டர்?" என்கிறாய். ஊர் பார்த்தது சரி. ஊரைக் கூட்டிக்கொண்டு போய் அதிகாரி முன்னால் நிறுத்துவாயா? தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டப்படி எந்த மதத்தினரின் திருமணமாக இருந்தாலும் 90 நாளுக்குள் பதிவு செய்வது கட்டாயம். தவறினால் கூடுதல் கட்டணம் கட்டி இன்னும் 60 நாள் வரை பதியலாம். அதையும் தாண்டியவர்கள் தலையில் கைவைத்து உட்கார வேண்டாம். இந்துத் திருமணச் சட்டத்தின் கீழும், சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழும் வழிகள் இருக்கின்றன. சார்பதிவாளரிடமே போய்க் கேள். ஐயர் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்ட சுயமரியாதைக் கல்யாணமா? 1967-ல் அண்ணாவின் அரசு கொண்டுவந்த சட்டத் திருத்தத்தால் அதுவும் முழுக்கச் செல்லும். எப்படி நடந்தாலும் சரி, பதிந்திருக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகை, முகூர்த்தப் படம், வயது, முகவரிச் சான்றுகள், சாட்சிகள், இவ்வளவுதான் கேட்கிறார்கள்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று, ஒவ்வோர் எழுத்தாகப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார். வீட்டுக்கு வந்து பார்க்காதே, அலுவலகத்தின் திண்ணையிலேயே பார். ஏனென்றால் நம் ஆட்களின் கோப்பு முக்கால்வாசி சிக்குவது பெயரில்தான்!

தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்தே நமக்குப் போதும். சாதிப் பெயரை வாலாகத் தொங்கவிடாத இந்த வழக்கத்தில் எனக்குப் பெருமைதான், அதை எந்த நாட்டுக்காகவும் விட்டுக்கொடுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் உலகத்தின் படிவங்கள் நம் வழக்கத்தை அறியாதவை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் 'ஆர். கார்த்திகேயன்'. பட்டத்தில் 'கார்த்திகேயன் ஆர்'. ஆதாரில் 'கார்த்திகேயன் ராஜேந்திரன்'. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. திருமணச் சான்றில் 'கார்த்திக்கேயன்' என்று ஒரு க் கூடுதலாக விழுந்து ஆங்கிலத்திலும் எழுத்து இரட்டித்துவிட்டது. உனக்கு இவை எல்லாம் ஒரே ஆள். உன் முகம் அறியாதவருக்கு இவர்கள் ஐந்து பேர். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் உன் பெயரையே குடும்பப் பெயராக்கி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அடித்துவிடுவார்கள். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர், தெரியவில்லையாம்! பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களைச் சுற்றுலா, பார்வையாளர் விசாவில் உள்ளே விடுவதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது, முதலில் அடி வாங்கியது நம்மூர் ஆட்கள்தான்.

ஆகவே பெயரை முதலில் சீர்செய். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை முழுதாக விரித்துக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடு. மற்றச் சான்றுகளில் சிறு வித்தியாசம் என்றால் இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம். பெரிய வித்தியாசம் என்றால் அரசிதழில் பெயர் மாற்றம். தங்கையே, கல்யாணமானதும் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை எடுத்துவிட்டுப் புருஷன் பெயரைப் போட்டே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. உன் பட்டங்கள் எல்லாம் அப்பா பெயரோடு இருக்கின்றன. நாளை நீ அங்கே வேலை தேடும்போது அந்தப் பட்டங்கள் உன் பெயரோடு பொருந்த வேண்டும்.

வேலை தேடும்போது என்றா சொன்னேன்? ஆமாம், அங்கேதான் வருகிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: "கூட வருகிறவருக்கு அங்கே வேலை செய்யும் உரிமை உண்டா?"

இந்தக் கேள்வியை நம்மில் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்ப்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. நாட்டுக்கு நாடு விதி தலைகீழாக மாறும். ஜெர்மனியில் துணையாகப் போகிறவர் எந்த வேலையையும் செய்யலாம், தனி அனுமதி வேண்டாம். அமெரிக்காவில் எச்-1பி வேலை விசா வைத்திருப்பவரின் துணைக்குக் கிடைக்கும் எச்-4 விசாவில் நேரடியாக வேலை செய்ய முடியாது. கிரீன் கார்டுக்கான முதற்கட்ட மனு ஏற்கப்பட்ட குடும்பங்களுக்குத்தான் 2015 முதல் வேலை அனுமதி கேட்கும் வழி திறந்தது. சிங்கப்பூரில் துணைக்கான அனுமதிச் சீட்டு வேண்டும் என்றால் அழைப்பவரின் மாதச் சம்பளமே 6,000 சிங்கப்பூர் வெள்ளி இருக்க வேண்டும். வந்த துணை வேலை பார்க்க வேண்டும் என்றால் 2021 மே முதல் தனக்கென்று தனி வேலை அனுமதி எடுக்க வேண்டும். அமீரகத்தில் மாதம் 4,000 திர்ஹம், அல்லது வீட்டோடு 3,000 திர்ஹம் சம்பளம் இருந்தால்தான் குடும்பத்தை அழைக்கலாம். பிரிட்டனில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போனவர்கள் 2024 மார்ச் 11-க்குப் பின் குடும்பத்தையே உடன் அழைத்துப்போக முடியாமல் போயிற்று. இப்படிப்பட்ட விதி தெரியாமல் நகையை அடகு வைத்துக் கிளம்பி, கைக்குழந்தையை ஆத்தாளிடம் விட்டுவிட்டு வீடியோ காலில் தாலாட்டுப் பாட வேண்டுமா?

வங்கியில் எட்டு வருடம் அதிகாரியாக இருந்த பெண்ணை, வேலை செய்ய உரிமையில்லாத விசாவில் குளிர்தேசத்து அடுக்குமாடியில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டு, "உனக்கு இங்க என்ன குறை?" என்று கேட்கிற கணவனை எனக்குப் பிடிக்காது. வெளிப்படையாகச் சொல்கிறேன். அவளும் விண்ணப்பதாரர். அவளுடைய படிவத்தை அவளே நிரப்பட்டும். அவளுடைய சான்றுகளை அவளே அடுக்கட்டும். 'மனைவி' என்கிற கட்டத்தை நிரப்ப மட்டும் அவள் பெயரைக் கடன் வாங்காதே.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, அதையும் விடப் போவதில்லை. மனைவிக்கு வேலை கிடைத்து, கணவன் துணையாகப் போகிற வீடு. செவிலியர்களில் இது சாதாரணம். பெண் உழைத்து, மொழித் தேர்வு எழுதி, வேலை வாங்கி, புருஷனையும் அழைத்துப்போகக் காகிதம் போடுகிறாள். இங்கே சொந்தக்காரர்கள் என்ன சொல்கிறார்கள்? "பொண்டாட்டி விசாவுல போறான்டா!" தம்பி, அந்தச் சிரிப்புக்கு முகம் சிவக்காதே. நேராக அவர்கள் கண்ணைப் பார்த்து, "ஆமா, போறேன், உங்களுக்கு அங்கருந்து என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்று கேள். கேலி பேசிய அதே வாய் அடுத்த வருடம், "என் பையனுக்கும் ஏதாவது வழி சொல்லுப்பா" என்று உன்னிடம் வரும்.

போகிற நாட்டின் மொழியை இங்கேயே தொடங்கு. ஜெர்மனியில் வாழ்க்கைத்துணை விசாவுக்கு அடிப்படை ஜெர்மன், அதாவது ஏ1 சான்று, 2007 முதல் பொது விதி. நீல அட்டைக்காரரின் துணைக்கு அதில் விலக்கு உண்டு. விலக்கு இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதே! விலக்கு விசாவுக்குத்தான், ரொட்டிக் கடைக்கு இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று நடுராத்திரி போன் செய்யும்போது எந்தத் தூதரகமும் வந்து மொழிபெயர்க்காது. அட்டை வைத்திருப்பவருக்கும் மொழியில் லாபம் உண்டு. ஏ1 அளவு ஜெர்மன் இருந்தால் 27 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு உரிமை கேட்கலாம், பி1 அளவு இருந்தால் 21 மாதத்திலேயே கேட்கலாம். நுங்கம்பாக்கத்து மாக்ஸ் முல்லர் பவனில் மாலை வகுப்பில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் கணவனும் மனைவியும் உட்கார்ந்து 'ஐன்ஸ், ட்ஸ்வை, ட்ரை' என்று எண்ணப் பழகுவது, என் பார்வையில், தேனிலவைவிடப் பிரயோஜனமானது.

மறுத்துவிட்டால்?

மறுக்கலாம். மறுத்தால் வானம் இடிந்துவிடாது. மறுப்புக் கடிதத்தில் காரணம் எழுதியிருக்கும். அழுதுகொண்டே அதை மடித்து அலமாரியில் வைக்காமல், காரணத்தை அடிக்கோடிட்டுப் படி. எந்தத் தாள் இல்லை, எது பொருந்தவில்லை, எதை அவர்கள் நம்பவில்லை? முன்பெல்லாம் ஜெர்மன் தூதரகத்தில் கட்டணமில்லாமல் மறுபரிசீலனை கேட்கும் வழி இருந்தது. 2025 ஜூலை முதல் உலகம் முழுக்க அதை நிறுத்திவிட்டார்கள். இனி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். முதல் கோப்பே முழுமையாக இருக்க வேண்டும் என்று நான் தொண்டை கிழியக் கத்துவது இதற்காகத்தான். ஒன்றை மட்டும் எந்த நிலையிலும் செய்யாதே. பொய்த் தாள் வைக்காதே. இல்லாத அனுபவத்துக்குச் சான்று, கணக்கில் காட்ட ஒரு வாரத்துக்குக் கடன் வாங்கிய பணம், இவையெல்லாம் அடுத்தடுத்த விண்ணப்பங்களிலும் பின்னாலேயே வரும்.

காத்திருக்கும் காலத்திலும் தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் அவசரத்தில் தெரியாது, பொறுமையில்தான் தெரியும். விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வரும் முன் ராஜினாமாக் கடிதம் கொடுக்காதே. வாடகை வீட்டைக் காலி செய்யாதே. வண்டியை விற்காதே. பணம் திரும்ப வராத டிக்கெட்டை 'ஆஃபர்' என்று பாய்ந்து வாங்காதே. வேலையில் சேரும் நாளைத் தள்ளிவைக்க வேண்டுமானால் அந்த நிறுவனத்துக்குப் பணிவாக, ஆனால் கெஞ்சாமல், ஒரு மின்னஞ்சல் எழுது. விசா தாமதம் என்பது அவர்களும் அறிந்ததே. உன்னைத் தேர்ந்தெடுத்தவர்கள் அவர்கள். இரண்டு வாரம் பொறுக்க மாட்டார்களா?

நேர்காணல் அன்று கேட்பதற்கு மட்டும் பதில் சொல். "கல்யாணம் எப்போது ஆனது?" என்றால் தேதி. "அவர் எங்கே வேலை பார்க்கிறார்?" என்றால் ஊர், நிறுவனம், பதவி. அந்த இடத்தில் குலதெய்வத்திலிருந்து ஆரம்பிக்காதே. தெரியாததைத் தெரியாது என்று சொல். ஆங்கிலம் தடுமாறினால் தடுமாறட்டும். உன் இலக்கணத்துக்கு மதிப்பெண் போட அவர் அங்கே உட்காரவில்லை. நிமிர்ந்து உட்கார். நீ யாசகம் கேட்க வரவில்லை. உழைப்பைக் கொடுக்கவும் அங்கே வரி கட்டவும் போகிறாய். உன் துணையோடு சேர்ந்து வாழும் உரிமையைச் சட்டப்படி கேட்கிறாய்.

எழுந்திரு! பீரோவைத் திற. இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்து வெளியே வை. காலாவதித் தேதி என்ன? வெற்றுப் பக்கங்கள் எத்தனை? குடும்பப் பெயர்க் கட்டத்தில் என்ன இருக்கிறது? பக்கத்திலேயே திருமணச் சான்றை வை. இல்லையா? அப்படியானால் உன் முதல் வேலை எந்த வெளிநாட்டுத் தூதரகத்திலும் இல்லை, உங்கள் ஊர்ச் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது. நாளைக் காலை பத்து மணிக்குக் கதவு திறப்பார்கள். இருவரும் சேர்ந்தே போங்கள்!